ஆரஞ்சுத் தோல் பீருக்கு ஏழு மார்க்

எங்கள் பீர் ஆலையில் அவரை எல்லோரும் மூக்கக்கா என்றுதான் கூப்பிடுவோம். முதலாளிகூட அப்படித்தான். பாட்டில் கழுவும் வேலைக்கு வந்தவர். வந்த இரண்டாவது மாதம், "இந்தப் பெட்டி பூரா ரப்பர் வாடை அடிக்குது" என்று சொல்லி வேலையை நிறுத்திவிட்டார். மேற்பார்வையாளர் மோந்து பார்த்தார்; ஒன்றும் தெரியவில்லை. குழாயைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே ரப்பர் உரிந்து தொங்கியது. அடுத்த வாரமே ருசி அறையில் அவருக்கு நாற்காலி போட்டுவிட்டார்கள். பத்தொன்பது வருஷமாக அதே நாற்காலி.

"குடிக்கிறதுக்குச் சம்பளம் வாங்குற ஆள் எங்க வீட்ல மட்டும்தான்" என்று அவர் கணவர் கண்டவரிடமெல்லாம் பெருமையடிப்பார். உண்மையில் அது பத்திய வாழ்க்கை. ருசி பார்க்கும் நாளில் அக்கா வெங்காயம் நறுக்கமாட்டார், பவுடர் போடமாட்டார், காபி பக்கம் போகமாட்டார். கிளாஸை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்ப்பார். நுரை அடங்கும்வரை பொறுத்திருப்பார். ஆழமாக மோந்துவிட்டு ஒரு வாய். கசப்பு அடிநாக்கில்தான் பிடிபடும் என்பதால் துப்பவும் முடியாது, விழுங்கியே ஆகவேண்டும். பிறகு பத்துக்கு எத்தனை என்று தாளில் எழுதுவார். அவர் கையால் ஆறு வாங்கிவிட்டால் முதலாளிக்குத் தலைகால் புரியாது. தாட்சண்யத்துக்காக அரை மார்க் கூட்டிப் போட்டதில்லை. கூடப் பிறந்த தம்பிக்கும் அதே அளவுகோல்தான்.

அந்தத் தம்பிதான் எங்களுக்கு பீர் காய்ச்சிக்கொண்டிருந்தவர். பிளம், இஞ்சி, செர்ரி என்று எதைப் போட்டாலும் பழம் முன்னால் வந்து நிற்காமல் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும்படி காய்ச்சத் தெரிந்தவர். போன வருஷம் அவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. முப்பத்து மூன்று தடவை கதிர்வீச்சு கொடுத்தார்கள். கட்டி கரைந்ததோ இல்லையோ, நாக்கும் மூக்கும் செத்துப்போயின. ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தவரின் சட்டைக் கழுத்துக்குள் இரண்டு பேர் இருக்கலாம் போலிருந்தது.

"அக்கா, எனக்கு இப்ப சோறும் பஞ்சும் ஒண்ணுதான். கைப்பழக்கத்துலதான் காய்ச்சப்போறேன். சரியா வரலைன்னா நீ சொல்லிடணும். மத்தவங்க யாரும் சொல்லமாட்டாங்க."

"நான் என்னிக்குடா உன்ன விட்டுவச்சிருக்கேன்?" என்றார் அக்கா.

ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் போட்டு முதல் ஈடு காய்ச்சினார். சிறிய டாங்க்தான். மூன்று வாரத்தில் ருசி அறைக்கு வந்தது. கிளாஸில் வெறும் எண்தான் இருக்கும், காய்ச்சியவர் பெயர் இருக்காது. ஆனால் ஆலையில் ஆரஞ்சு பீர் ஒன்றே ஒன்றுதான். யாருடையது என்று ருசிக்க உட்கார்ந்த ஐந்து பேருக்கும் தெரியும்.

அந்த ஐவரில் நானும் ஒருவன். லேபிளில் இரண்டு மொழியில் நாலு வரி எழுதுவது என் வேலை. ஆள் குறைந்தால் ருசிக்கவும் உட்காருவேன். என் மொண்ணை நாக்குக்கே தெரிந்தது. முதலில் ஆரஞ்சு வந்தது. அது முடிவதற்குள் துணி சோப்பை நக்கியதுபோல ஒரு கசப்பு. விதை தாராளமாக விழுந்திருந்தது. தோலோடு ஒட்டிய வெள்ளைச் சதையும் சேர்ந்து வெந்திருந்தது. நான் எட்டுப் போட்டேன். மற்ற மூவரும் ஏழும் எட்டுமாகப் போட்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி நின்றுகொண்டிருந்தார். அக்கா ஒரு வாய் விழுங்கினார். இன்னொரு வாய். பேனாவைத் திறந்து நெடுநேரம் வைத்திருந்தார். பிறகு ஏழு என்று எழுதினார்.

மறுநாள் காலை லேபிள் வாசகத்தைக் காட்டக் காய்ச்சும் கூடத்துக்குப் போனேன். தம்பி இரண்டு கூடை ஆரஞ்சை வைத்துக்கொண்டு தோல் சீவிக்கொண்டிருந்தார். முகத்தில் பழைய களை. பின்னாலேயே அக்காவும் வந்தார்.

"பாத்தியா, கை மறக்கல! பெரிய டாங்க்ல போடலாம்னு முதலாளியே சொல்லிட்டார். ஏழு போட்டியாமே? பொறந்ததுலேருந்து நீ எனக்கு ஏழு போட்டதில்லையே, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

அக்கா சிரிக்கவில்லை. சீவிய தோல் ஒன்றை எடுத்துத் திருப்பினார். அடியில் தடியாக வெள்ளைச் சதை.

"தோல் இவ்வளவு வேணாம்டா."

"அதே அளவுதானே?"

"விதையும் பாதி போதும்."

தம்பியின் கத்தி நின்றது. "எத்தனை?" என்றார்.

அக்கா கையிலிருந்த தோலைக் கூடையில் போட்டார்.

"நெஜமா எத்தனைக்கா?"

"மூணு."

தம்பி என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த லேபிள் தாளை மடித்தேன்.

"இவங்கல்லாம் எட்டுப் போட்டது பாவம் பாத்துன்னு எனக்குத் தெரியாதா? அத நான் கணக்குலயே எடுத்துக்கல. உன் ஏழ நம்பித்தான் வீட்ல போய், எனக்கு இன்னும் தொழில் இருக்குன்னு சொன்னேன்."

"உன் முகத்தப் பாத்துட்டேன்டா. கை வரல."

"என் முகத்தப் பாக்கவா உனக்கு அந்த நாற்காலி?"

எழுதிய மார்க்கைத் திருத்தினால், ருசித்தவரும் காய்ச்சியவரும் பக்கத்தில் கையெழுத்துப் போடவேண்டும் என்பது ஆலை விதி. தம்பியே அலுவலகம் போய்த் தாளை வாங்கிவந்தார். அக்கா ஏழு என்பதை அடித்து மூன்று என்று எழுதிக் கையெழுத்திட்டார். அதற்குக் கீழே தம்பி, ஆரஞ்சுச் சாறு ஒட்டிய கையோடு, தன் பெயரை முழுதாக எழுதினார். அன்றோடு வேலையை விட்டுவிட்டார்; எங்கள் ஆலையில் அவர் கடைசியாகப் போட்ட கையெழுத்து அது.

பிறகு சிறிய டாங்கின் அடிவால்வைத் தம்பியே திறந்தார். பீர் நுரைத்துக்கொண்டு தரைச் சாக்கடையில் ஓடியது. காலியாக நாற்பது நிமிஷம் ஆகும். இருவரும் கவிழ்த்த இரண்டு பெட்டிகளின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன வாசனை வருது, சொல்லு" என்றார் தம்பி.

"முதல்ல ஆரஞ்சு."

"அப்புறம்?"

அக்கா மூக்கை உறிஞ்சினார். அழுதிருந்ததால் அடைத்திருந்தது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, குனிந்து, நிதானமாக மீண்டும் ஒருமுறை மோந்தார்.

"அப்புறம் சோப்பு."

தம்பி தலையாட்டினார்.