கை எட்டாத குழாய்

விஜயநகரில் கனகலக்ஷ்மி வீடு எது என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். ‘தாம்ரத மனெ’ என்று கன்னடத்தில் கேட்டால் பால்காரர்கூட வண்டியை நிறுத்தி வழி சொல்வார். தாமிர வீடு. ஊரெல்லாம் குழாயைச் சுவருக்குள் புதைத்து மறைக்கும்போது, இந்த வீட்டில் மட்டும் செம்புக் குழாய்கள் மாடித் தொட்டியிலிருந்து இறங்கி, பக்கத்துச் சுவர் நெடுக, போவோர் வருவோர் பார்க்கும்படி ஓடும்.

போட்டவர் அவள் கணவர் பட்டாபிராமன். ரயில்வே பணிமனையில் சூப்பர்வைசர். அதாவது, அடுத்தவர் செய்த வேலையில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் ஆயுசு முழுக்க உத்தியோகம். ஓய்வு பெற்று வீடு கட்டும்போது, ஒரு வேலையாவது என் கையால் செய்வேன் என்று பிடிவாதம் பிடித்தார். குழாயின் ஒவ்வொரு இணைப்பையும் தானே உட்கார்ந்து பற்றவைத்தார். அதன்மேல் வெள்ளிநிறப் பெயின்ட் பூசி, ஜாயின்ட் மேல் மட்டும் கை வைக்காதே என்று மனைவிக்கு உத்தரவும் போட்டார்.

குழாய் போட்டது அவர் என்றால், அதற்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கனகலக்ஷ்மி. வெள்ளிக்கிழமை பெருமாள் பாத்திரங்களைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்த கையோடு, மிச்சப் புளியை எடுத்துக்கொண்டு சுவரோரம் வந்துவிடுவாள். பெருமாள் கோயில் ஊரான மேல்கோட்டையில் பிறந்தவள். செம்பு கறுத்திருந்தால் வீட்டுப் பெண்ணைத்தான் நாலு பேர் பேசுவார்கள் என்பது அவள் ரத்தத்தில் ஊறியது. அது பாத்திரம் இல்லை, குழாய் என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பெருமாளுக்குத் தண்ணீர் அதில்தானே வருகிறது என்று அவள் கேட்டதும் பேப்பருக்குள் புகுந்துகொண்டார்.

இந்த வருஷம் மழைக்கு முன்னால் ஒழுகல் ஆரம்பித்தது. முதலில் சுவரில் பச்சைக் கறை. பிறகு குழாயில் எங்கிருந்தோ நூல் மாதிரி தண்ணீர். ஓரிடத்தில் ரப்பர் சுற்றிக் கட்டினால் இன்னோரிடத்தில் கிளம்பியது. பட்டாபிராமன் காவிரித் தண்ணீரைத் திட்டினார், போர்வெல்லைத் திட்டினார், அப்புறம் யாரையுமே திட்டவில்லை. அதுதான் கனகலக்ஷ்மிக்குப் புதிதாக இருந்தது. பேப்பர் படித்தால் ஊரிலுள்ள ஒவ்வொரு மேம்பாலத்துக்கும் குறை சொல்கிற மனிதர், பேப்பரைப் பிரிக்காமலே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழாய் இருக்கும் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்தவர் வேலையை அங்குலம் அங்குலமாகச் சோதித்தவருக்குத் தன் வேலையின் பக்கத்தில் போகப் பயம்.

பெங்களூரிலிருந்து மகன் மாதவ் போன் செய்தான். அப்பாவை யார் இதெல்லாம் செய்யச் சொன்னது, விவரம் தெரிந்த ஆளை வைத்துப் போட்டிருக்கலாமே என்றான். போன் ஸ்பீக்கரில் இருந்ததும் அப்பா கேட்டதும் அவனுக்குத் தெரியாது, பாவம். அன்று சாப்பிடும்போது பட்டாபிராமன் இலையைப் பார்த்தபடியே சொன்னார்: “எல்லாத்தையும் எடுத்துடச் சொல்லு, கனகம். நான் பத்தவச்சது சரியில்லே.”

கல்யாணமான நாளிலிருந்து, தப்பு என்னுடையது என்று அவர் வாயால் கேட்க வேண்டும் என்று அவள் எத்தனையோ முறை ஆசைப்பட்டதுண்டு. கேட்டபோது, கேட்காமலே இருந்திருக்கலாம் என்றிருந்தது.

பிளம்பர் ரத்தினசாமி, தமிழ் பேசும் எல்லையோர ஹனூர்க்காரர். கடைத்தெருவான தேவராஜ மொஹல்லாவிலிருந்து பிளாஸ்டிக் குழாய்களை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். செம்பெல்லாம் இந்தக் காலத்துத் தண்ணிக்குத் தாங்காதுங்கம்மா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, தொட்டியிலிருந்து வரும் தண்ணீரை அடைக்கும் முன்பே சுவரில் குழாயைப் பிடித்திருந்த கிளாம்புகளைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். கழற்றிய ஒவ்வொன்றின் பின்னாலும் பச்சைப் பசையாக ஏதோ அப்பியிருந்தது. அவர் அதை வழித்துச் சுவரில் தடவிவிட்டு அடுத்ததற்குப் போனார்.

காப்பி டம்ளரோடு நின்ற கனகலக்ஷ்மி அந்தப் பசையைக் கிள்ளி எடுத்தாள். விரலில் நார் சிக்கியது. புளி நார். அந்த நாரை அவளுக்குத் தெரியாதா என்ன!

கிளாம்பு இருந்த இடத்தில் துளை. அடுத்த கிளாம்பு, அங்கேயும் துளை. அவள் அண்ணாந்து பார்த்தாள். சன்ஷேடுக்கு மேலே, தன் கை எட்டாததால் ஒருநாளும் தேய்க்காத குழாய், கறுத்து, ஒட்டடை படிந்து கிடந்தது. அதைப் பார்த்து எத்தனை தடவை வெட்கப்பட்டிருப்பாள். ரத்தினசாமியை ஏணி போட்டு ஏறித் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். “சொட்டு ஈரமில்லீங்கம்மா” என்றார்.

அவள் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. ரத்தினசாமிக்கு அது வெறும் அழுக்கு. சாயங்காலத்துக்குள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடும். தெருவே மெச்சிய அவள் கை மெச்சிய கையாகவே இருக்கும். பட்டாபிராமன் மட்டும், தன் கையால் செய்த ஒரே வேலையும் உதவாமல் போயிற்று என்ற நினைப்போடு மீதி நாளைத் தள்ளுவார். இந்த மனுஷர் அன்றைக்கே கொஞ்சம் சத்தம் போட்டுத் தடுத்திருக்கக் கூடாதா என்று அவர்மேலேயே கோபம் வந்தது. கோபம் போனதும் அவமானம் பிடுங்கித் தின்றது.

டம்ளரை மதில்மேல் வைத்துவிட்டு, நேரே கூடத்துக்குப் போய் அவர் முன்னால் கையை நீட்டினாள்.

“ஏன்னா, இதைப் பாருங்கோ. இது என் புளி. கிளாம்புக்குப் பின்னாடி போய் அடைஞ்சுண்டு, இதுதான் அரிச்சிருக்கு. நான் தேய்க்காத எடத்திலே ஒரு ஓட்டை இல்லே.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பசையைப் பார்த்தார். நாரை இழுத்துப் பார்த்தார். அவள் திட்டு வாங்கத் தயாராக நின்றாள்.

“அப்போ ஜாயின்ட்டு?” என்றார்.

செருப்புகூடப் போடாமல் வெளியே போனார். வெள்ளிப் பெயின்ட் பூசிய முதல் இணைப்பைத் தோள் துண்டால் துடைத்து, விரலை அதன்மேல் வைத்துக் காத்திருந்தார். விரல் நனையவில்லை. அடுத்ததற்குப் போனார். அதுவும் நனையவில்லை. பிளாஸ்டிக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு, வேலையைத் தொடரலாமா என்று ரத்தினசாமி கேட்டது அவர் காதில் விழவே இல்லை. துடைப்பதும் தொடுவதுமாகச் சுவரோரம் நகர்ந்துகொண்டே இருந்தார்.

கனகலக்ஷ்மி பின்னாலேயே போனாள். “என்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேளா?”

“இருடி” என்றார் அவர், திரும்பாமலே. “இன்னும் ரெண்டு ஜாயின்ட்டு பாக்கி இருக்கு.”