ஒரு ‘ம்’ சேர்த்தால் தமிழ்

புனேக்கு வந்த முதல் வாரத்தில் ஒரு பஸ் கண்டக்டர் என் முகத்துக்கு நேராகப் பார்த்து, “போபோடி, போபோடி!” என்று கத்தினார். பின்னால் வந்த பஸ்காரர் “தாபோடி!” என்றார். சேலத்தில் பிறந்து வளர்ந்த ஒருத்தி இதை எத்தனை நாள் பொறுப்பாள்? இரண்டுமே ஊர்ப்பெயர்கள் என்றும், இரண்டாவது ஊரில்தான் இனி நாம் குடியிருக்கப் போகிறோம் என்றும் என் கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். அவருக்கு அங்கே ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. மறுநாள் காலை தாபோடி வீட்டு வாசலில் ஒருவர் தள்ளுவண்டியோடு வந்து “வாங்கி, வாங்கி” என்று கூவினார். என்னத்தை வாங்கி என்று போய்ப் பார்த்தால் வண்டி நிறையக் கத்தரிக்காய். அவர்கள் பாஷையில் கத்தரிக்காய்க்கு வாங்கி என்று பெயராம். சரி, இந்த ஊர் தமிழைத் திருடி வேறு அர்த்தம் வைத்துப் புழங்குகிறது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. சேலத்தில் பக்கத்துத் தெரு டியூஷனில் இந்தி எழுத்து கற்றிருந்தேன். அர்த்தம் சொல்லிக்கொடுப்பதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது. மராத்திக்கும் அதே எழுத்துதான், ஆகவே மராத்திப் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படிக்க முடிந்தது. ஒரே மாதத்தில் ஒரு சூத்திரமும் அகப்பட்டது. புஸ்தக், துக், ஆனந்த், நகர், தர்ம். எல்லாம் நம்முடைய சொற்கள்தான். கடைசியில் ஒரு ‘ம்’ சேர்த்தால் தமிழ். மராத்திக்காரர்களுக்கு வாயை மூடி ‘ம்’ சொல்லச் சோம்பல், அதை நாம் போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவே. இந்த ‘ம்’ வைத்தியத்தை வைத்துக்கொண்டு ரேஷன் கார்டு விண்ணப்பம், பள்ளிக்கூடத்துக் கடுதாசி, கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ் எல்லாவற்றையும் அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குப் படித்துச் சொன்னேன். பெருமையாகவும் இருந்தது. ஒரு தடவை தையற்காரர் ரவிக்கையைக் கொடுத்துவிட்டு “சமாதான்?” என்று கேட்டார். “நமக்குள்ள சண்டையே இல்லையே” என்று சொல்லிவிட்டு வந்தேன். திருப்தியா என்று கேட்டிருக்கிறார் பாவம். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

என்னை முழுசாக நம்பியவள் எஸ்தர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தாள். அதே தொழிற்சாலையில் அவள் கணவர் வேலையில் இருக்கும்போதே இறந்துபோனதால், கருணை அடிப்படையில் அவளுக்குத் தொழிற்சாலை ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா வேலை கொடுத்திருந்தார்கள். பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு மகள். அந்த வேலை, அதோடு வந்த குவார்ட்டர்ஸ், அந்த மகள். அவள் உலகமே அவ்வளவுதான். பதினைந்து வருடம் புனேயில் இருந்தும் அவளுடைய இந்தி, காய்கறிச் சந்தையைத் தாண்டி வெளியே வந்ததில்லை.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் இருக்கும். நாமே எடுத்துக்கொண்டு போய்க் கடைசியில் காசு கட்டுகிற மாதிரிப் பெரிய கடைகள் அப்போதுதான் எங்கள் பக்கம் வரத் தொடங்கியிருந்தன. எஸ்தர் அப்படி ஒரு கடைக்குள் முதல் தடவையாகப் போனாள். வாசலில் அடுக்கி வைத்திருந்த கலர் கலரான பிளாஸ்டிக் கூடைகளும் விற்பனைக்குத்தான் என்று நினைத்து, தொடாமல் தாண்டிப் போய்விட்டாள். சந்தையில் செய்கிற மாதிரியே தன் துணிப்பைக்குள் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டாள். பில் போடும் இடத்தில் பருப்பு, சோப்பு எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். பைக்குள் கிடந்த குடைக்கு அடியில் ஒரு பவுடர் டப்பா தங்கிவிட்டது. வாசலில் காவலாளி பையைக் குடைந்தார். டப்பா வெளியே வந்தது. போலீஸும் வந்தது.

ஸ்டேஷனில் கான்ஸ்டபிள் “என்ன எடுத்தாய்?” என்று கேட்டதற்கு இவள் “பவுடர், சாப்” என்றிருக்கிறாள். அவர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாராம். அந்த ஸ்டேஷனில் பவுடர் என்றால் முகத்தில் பூசுவது அல்ல. மல்லிகைப்பூப் படம் போட்ட டப்பாவைப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தாராம். போதைப்பொருள் கேஸாகப் போகவிருந்தது திருட்டுக் கேஸாக நின்றது. ஜாமீன் கிடைத்து வீட்டுக்கு வந்த அன்று, கதவைச் சாத்திக்கொண்டு நான் அவளிடம் கேட்டேன். “உண்மையைச் சொல்லு எஸ்தர். எடுத்தியா?”

அவள் அழவில்லை. “நீங்களுமாக்கா?” என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு நான் கேட்கவே இல்லை. கேட்டதே தப்பு என்று இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

ஆஸ்பத்திரி ஆபீஸில் அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். “கேஸ் முடிஞ்ச பேப்பரைக் கொண்டான்னு கேக்காவக்கா. அதுல நான் குத்தவாளின்னு எழுதியிருந்தா வேலை கிடையாதாம். வீட்டையும் காலி பண்ணணுமாம்.” இதைச் சொல்லும்போது அவள் மகளுடைய யூனிஃபாரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்துப் பிரித்துத் திரும்ப மடித்தாள். “நான் எதுக்குடி இருக்கேன்? கோர்ட்டுக்கு நானும் வர்றேன்” என்றேன். அவ்வளவு தைரியம் எனக்கு.

சிவாஜிநகர் கோர்ட்டுத் தாழ்வாரத்தில், ஜாமீன் எடுத்துக் கொடுத்த வக்கீல் எங்களைப் பிடித்தார். அவசரத்தில் இருந்தார். “அபராத் கபூல் கரோ, தண்ட் பரோ, கர் ஜாவ்” என்று சொல்லிவிட்டு வேறு யாரையோ தேடி ஓடிவிட்டார். என் வைத்தியம் உடனே வேலை செய்தது. அபராத், ஒரு ‘ம்’ சேர், அபராதம். தண்ட், ஒரு ‘அம்’ சேர், தண்டம். கபூல் என்றால் சம்மதம், சினிமா பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். “ஒண்ணுமில்லடி. அபராதத்துக்குச் சம்மதிச்சு, தண்டம் அழுதுட்டு, வீட்டுக்குப் போகச் சொல்றார். பஸ்ல டிக்கெட் எடுக்காதவன் அபராதம் கட்டறதில்லையா? அவனுக்கு வேலையா போகுது?”

“அப்ப குத்தவாளின்னு எழுத மாட்டாவல்லா?”

“அபராதம் கட்டறவன் எல்லாம் குற்றவாளியா? கேட்டா ‘ம்’னு சொல்லு, போதும். நான் தலையாட்டறேன், என்னைப் பாத்துக்கோ.”

உள்ளே பெஞ்சில் இடித்துப் பிடித்து உட்கார்ந்தோம். மாஜிஸ்திரேட் ஒரு பெண்மணி. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுகிறவர். எங்களுக்கு முன்னால் ஒரு ரிக்‌ஷாக்காரரின் கேஸ். சீட்டுக்கு அடியில் கஞ்சா வைத்திருந்தார் என்று குமாஸ்தா படித்தார். ‘காஞ்சா’ என்று ஏறக்குறைய நம்மைப்போலவேதான் சொன்னார், அதனால் புரிந்தது. மாஜிஸ்திரேட் அந்த ஆளைப் பார்த்து “அபராத் கபூல் ஆஹே கா?” என்று கேட்டார். அவர் கபூல் என்றார். யாராவது கட்டாயப்படுத்திச் சொல்லச் சொன்னார்களா என்று கேட்பதுபோல் இன்னொரு தடவையும் ஏதோ கேட்டார். அவர் மறுபடியும் கபூல் என்றார். அம்மாள் எழுதிக்கொண்டே, “தீன் மஹினே சிக்‌ஷா” என்றார்.

சிக்‌ஷா எனக்குத் தெரிந்த சொல். என் பையனுடைய பள்ளி வாசலில் இந்தியில் பெரிய எழுத்தில் இருக்கும். படிப்பு. நான் எஸ்தரின் காதில், “பாரேன், கஞ்சா வச்சிருந்தவனுக்கு மூணு மாசம் படிப்புச் சொல்லித் தரப் போறாங்களாம். எவ்வளவு நல்ல ஊரு!” என்றேன்.

“படிப்பா? என்னக்கா சொல்லுதிய. அது சிட்சைல்லா” என்றாள் எஸ்தர். “வேதத்துல எத்தனை இடத்துல வருது. சிட்சைன்னா தண்டனைக்கா.”

அவள் சொல்லி முடிக்கவும் பின் பெஞ்சில் ஒரு பெண் “அய்யய்யோ” என்கிற மாதிரி ஒரு சத்தம் போடவும் சரியாக இருந்தது. ரிக்‌ஷாக்காரரின் மனைவி. கான்ஸ்டபிள் ரிக்‌ஷாக்காரரின் கையைப் பிடித்து வேறு கதவு வழியாகக் கூட்டிப்போனார். படிக்கப் போகிற ஆளை யாரும் அப்படிக் கூட்டிப்போவதில்லை. இந்தியில் படிப்பாக இருந்த சொல் மராத்தியில் தண்டனை.

எழுதப் படிக்கத் தெரிந்த நான் தப்பு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காதால் கேட்டவள் சரி. அப்படியானால் என் அபராதம்? அபராதத்துக்குச் சம்மதம் என்று சொன்னவரைத்தானே இப்போது உள்ளே கூட்டிப்போனார்கள்? காசு கட்டச் சம்மதித்தவருக்கு எதற்கு ஜெயில்? அவர் எதைத்தான் ஒத்துக்கொண்டார்? கஞ்சா வைத்திருந்ததை! குற்றத்தை! அபராத் என்றால் குற்றம். இந்தப் பாவி, குற்றத்தை ஒத்துக்கொள் என்றல்லவா இவளுக்குச் சொல்லிக்கொடுத்துக் கூட்டி வந்திருக்கிறேன்!

அதற்குள் எஸ்தரின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவள் எழுந்து கூண்டுக்குப் போய்விட்டாள். அதே குரலில் அதே கேள்வி வந்தது. “அபராத் கபூல் ஆஹே கா?” எஸ்தர் திரும்பி என்னைப் பார்த்தாள், நான் தலையாட்டுவதற்காக. உதடு இரண்டும் ‘ம்’ சொல்லக் கூடிவிட்டன.

“எஸ்தர், ‘ம்’ போடாதே! நை சொல்லு! நை!” என்று நான் எழுந்து நின்று கத்தினேன்.

கோர்ட்டே திரும்பியது. கான்ஸ்டபிள் என் பக்கம் வந்தார். மாஜிஸ்திரேட் கையைக் காட்டி அவரை நிறுத்தி, யார் நீ, என்ன விஷயம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். என்னிடம் இருந்த ஆங்கிலத்தை எல்லாம் திரட்டினேன். “மேடம், இன் தமிழ், அபராத் ஈஸ் ஃபைன்!”

“ஃபைன்?” என்றார் அவர், கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே. “உங்கள் மொழியில் குற்றம் செய்வது ஃபைனா?”

எல்லோரும் சிரித்தார்கள். “நோ மேடம். மணி ஃபைன். தண்ட்! தண்ட்!” என்றேன். அப்போது அவருக்குப் புரிந்துவிட்டது. சிரித்தவர்களை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எஸ்தரிடம் இந்தியில், சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நீ கபூல் என்றால், நான் திருடினேன் என்று அர்த்தம். அதற்குப் பிறகு காசு கட்டினாலும், நீ திருடியதாகத்தான் காகிதத்தில் இருக்கும். இப்போது சொல், நீ திருடினாயா?

எஸ்தர் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “சோரி நை, சாப். யாத் நை தா” என்றாள். திருடவில்லை, ஞாபகம் இல்லை. ஒரு அம்மாவைப் பார்த்து சாப், ஐயா என்கிறோமே என்றெல்லாம் யோசிக்க அவளுக்கு நேரமில்லை. ஆனால் அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. மாஜிஸ்திரேட் ‘நாகபூல்’, அதாவது ஒத்துக்கொள்ளவில்லை, என்று எழுதச் சொன்னார். இலவச சட்ட உதவியில் ஒரு வக்கீலை ஏற்பாடு செய்யச் சொன்னார். கடைசியில் என் பக்கம் திரும்பி, இன்னொரு தடவை கோர்ட்டில் கத்தினால் உனக்கும் சிக்‌ஷா உண்டு என்றார். இந்தத் தடவை எனக்கு அர்த்தம் தெரிந்திருந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் நான்தான் அழுதேன். “உன் சோத்துல மண்ணைப் போடப் பாத்தேனே” என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். எஸ்தர் என் முந்தானையை எடுத்து என் முகத்தையே துடைத்துவிட்டாள். “விடுங்கக்கா. எழுந்து கத்துனியல்லா, அது போதும்” என்றாள்.

அதற்குப் பிறகு ஏழெட்டு வாய்தா போனோம். புது வக்கீல் ஒரு சின்னப் பெண், பொறுமைசாலி. எங்களுக்குப் புரிகிறவரை ஒவ்வொரு சொல்லையும் உடைத்துச் சொல்வாள். கடைசியில் கடை மேனேஜரே வந்து, இந்த அம்மா மற்ற எல்லாவற்றுக்கும் பணம் கட்டியிருக்கிறார், பை விஷயம் தெரியாமல் நடந்திருக்கலாம், கடைக்கு இனி புகார் இல்லை என்று சொல்லிவிட்டார். கோர்ட்டும் அனுமதித்தது. கைக்கு வந்த காகிதத்தில் ‘நிர்தோஷ் முக்ததா’ என்று இருந்தது. எஸ்தர் என் கையில் கொடுத்து, “படிங்க, ஆனா அர்த்தம் சொல்லாதிய” என்றாள். வக்கீல் பெண் சொன்னாள்: குற்றமற்றவர், விடுதலை. எஸ்தர் காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, “தோஷமும் கழிஞ்சு, முக்தியும் கிடைச்சாச்சா? அப்ப நான் செத்துட்டனாக்கா?” என்று கேட்டாளே பார்க்கலாம். நாங்கள் சிரித்த சிரிப்பில் தாழ்வாரம் முழுக்க எங்களையே பார்த்தது. அந்த வேலையில் இருந்துதான் மகளை நர்ஸிங் படிக்கவைத்தாள்.

வெளியூரில் இருக்கிறவர்களுக்கு நான் அடித்துச் சொல்வேன். போலீஸிலோ கோர்ட்டிலோ ஒரு சொல் தெரிந்த சொல்லாகக் காதில் விழுந்தால் அங்கேதான் அதிகம் பயப்பட வேண்டும். தெரியாத சொல்லுக்கு நாமே அர்த்தம் கேட்டுவிடுவோம். தெரிந்த சொல் கேட்கவிடாது. புரியவில்லை என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். காசோடு போகும் என்று யார் சொன்னாலும், எதை ஒத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். கேட்டு முடிக்கும்வரை தலையை ஆட்டாதீர்கள்.

இப்போது என் மராத்தி நன்றாகவே இருக்கிறது. போன வருடம் ஒரு கல்யாணத்துக்காகச் சேலம் போயிருந்தேன். டவுன் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர் ஏறினார். என் டிக்கெட்டைக் காணவில்லை. பையைத் துழாவிக்கொண்டிருந்தேன். அவர் மரியாதையாகத்தான், “டிக்கெட் இல்லைன்னா அபராதம்மா, ஒத்துக்குறீங்களா?” என்று கேட்டார். என்ன ஆனதோ தெரியவில்லை, சடக்கென்று எழுந்து நின்றுவிட்டேன். “நை! கபூல் நை!”

பஸ் திரும்பிப் பார்த்தது. பின் சீட்டில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம், எனக்குக் கேட்குமே என்ற கவலையே இல்லாமல், “பாவம், வடக்கத்தி அம்மா போல. நம்ம பாஷை புரியலை” என்றாள். ஜன்னலுக்கு வெளியே நான் படித்த பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது. டிக்கெட் வளையலுக்குள் செருகி இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். பரிசோதகர் அதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, “அம்மாவுக்கு… தமிழ்… தெரியுமா?” என்று கேட்டார்.

“ம்” என்றேன்.