சைலன்சர் மாற்றிய ஞாயிற்றுக்கிழமை

புது சைலன்சர் வந்த அட்டைப்பெட்டி என் மகளைவிட நீளமாக இருந்தது. கொழுந்தனார் பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்த கறுப்புக் குழாயை இரண்டு கைகளிலும் ஏந்திவந்து, பாயில் படுத்திருந்த ஏழு மாதக் குழந்தைக்குப் பக்கத்தில் கிடத்தினார். "பாருங்க நங்கை, பாப்பாவ விட ஒரு சாண் கூட" என்றார். எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள். மகள் புரண்டு குழாயின் வாய்க்குள் விரலை விட்டாள். நான் அவளைத் தூக்கி, இரும்புத்தூள் இருக்குமோ, எண்ணெய் இருக்குமோ என்று ஒவ்வொரு விரலாகத் துடைத்தேன். துடைத்த பிறகு வெளிச்சத்தில் காட்டி இன்னொரு முறை துடைத்தேன். அவர் சிரித்தார். "இன்னும் புகையே பாக்காத சாமானுங்க அது. நம்ம கைய விடச் சுத்தம்."

அப்போது நாங்கள் கேத்தியில், சாலையோரம் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். ஜன்னலைத் திறந்தால் கீழே கேரட் தோட்டங்கள். என் கணவருக்கு தேவாலாவில் எஸ்டேட் ஆபீஸ் வேலை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவார். மழைக்காலத்தில் அதுவும் தள்ளிப்போகும். அவருடைய தம்பி வெலிங்டனில் ராணுவ ஸ்டோர்ஸ் பிரிவில் சிவிலியன் ஊழியர். கைக்குழந்தையோடு நான் தனியாக இருக்கக்கூடாது என்று எங்களோடு தங்கியிருந்தார். அவருடைய மோட்டார் சைக்கிளின் பழைய சைலன்சர் மலை ஈரத்தில் துருப்பிடித்து அடியில் ஓட்டை விழுந்துவிட்டது. வண்டி டிராக்டர் போலக் கத்தியது. இனி இந்தச் சத்தத்தோடு உள்ளே வரக்கூடாது என்று வேலையிடத்து வாசலில் சொல்லிவிட்டார்கள். வண்டிக் கம்பெனியின் சைலன்சர் வர மூன்று வாரம் ஆகும் என்றதால், கோயம்புத்தூர் போய் வேறொரு தயாரிப்பை வாங்கிவந்தார். போலீஸ் பிடிப்பார்களா, இது சட்டப்படி சரியா என்று நான் கேட்டதற்கு, குழாயின் வாய்க்குள் இருந்த சத்தம் குறைக்கும் துண்டைக் காட்டி, "இது இருக்கற வரைக்கும் வண்டி பூனை மாதிரி போகுமுங்க" என்றார்.

அவருக்கு எதிலும் தயக்கம் கிடையாது. குக்கர், தையல் மிஷின், பக்கத்துத் தோட்டத்து அக்காவின் மோட்டார் பம்ப் எல்லாவற்றையும் பிரித்து மாட்டியிருக்கிறார். தரையில் ஒரு செய்தித்தாளை விரிப்பார். கழற்றும் ஒவ்வொரு நட்டையும் கழற்றிய வரிசையில் அதன் மேல் வைத்து, பக்கத்தில் பேனாவால் எண் போடுவார். "கழட்டுன வரிசையத் திருப்பிப் போட்டா எல்லாம் தானாச் சேந்துக்கும்" என்பார். அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கும். நான் வேதியியல் படித்தவள், கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் பள்ளியில் பாடம் எடுத்தவள். இருந்தும் பால் சூட்டை மணிக்கட்டில் விட்டுப் பார்த்த பிறகு, மறு மணிக்கட்டிலும் விட்டுப் பார்ப்பேன். மகள் எத்தனை மணிக்குக் குடித்தாள், எத்தனை மணிக்குத் தூங்கினாள் என்று ஒரு நோட்டில் எழுதிவைப்பேன். அந்த மாதத்தில் மட்டும் இரண்டு முறை, தும்மலுக்கும் லேசான வயிற்று உப்புசத்துக்கும், அவரை அரைநாள் லீவு போடவைத்துக் குழந்தையை டாக்டரிடம் கொண்டுபோயிருந்தேன். இரண்டு முறையும் டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கொழுந்தனார் சிரிக்கவில்லை. ஆனால் மூன்றாவது முறை கேட்க எனக்கு வாய் வராது என்று ஆகிவிட்டது.

வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை இருந்தது. வீட்டுக்காரர் முன்பு கேரட் மூட்டைகள் அடுக்கிய இடம். சாலைப் பக்கம் பெரிய பலகைக் கதவு, உள்பக்கம் சமையலறைக்குள் திறக்கும் சின்னக் கதவு. ஜன்னல் கிடையாது. அன்று காற்றோடு மழை. பலகைக் கதவைத் திறந்தால் சாரல் நேராக உள்ளே அடித்தது, பின்னாலேயே மேகமும் வந்தது. மழை பெய்தால் கதவைச் சாத்துவது எங்கள் மலையில் யாரும் யோசித்துச் செய்கிற காரியமில்லை. அவர் பலகைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். வெளிச்சத்துக்காகச் சமையலறைக் கதவைத் திறந்து வைத்தோம். வீட்டிலேயே சமையலறைதான் கதகதப்பான இடம் என்பதால் மகளின் தூளியும் அங்கேதான் தொங்கியது.

நான் டார்ச் பிடித்தேன். இன்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுவரும் வளைந்த குழாயை அவர் பெண்ட் பைப் என்பார். துரு இளக்கும் எண்ணெயை அடித்து, கொஞ்சம் காத்திருந்து, இன்ஜின் பக்கத்து நட்டுகள் இரண்டையும் கழற்றி, பெண்ட் பைப்பையும் சைலன்சரையும் ஒன்றாக உருவிக் கீழே வைத்தார். புதுப் பெட்டியோடு ஆங்கிலத்தில் ஒரு தாள் வந்திருந்தது. "அது சும்மா பேருக்குப் போடறதுங்க" என்று அவர் ஒதுக்கியதை நான் எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தில் புகை கசியாமலிருக்க ஒரு செம்பு வளையம் இருக்கும், பழைய வளையத்தை எடுத்துவிட்டுத்தான் புதியதை வைக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அவர் புது வளையத்தை உள்ளே வைத்துக் குழாயை ஏற்றிக்கொண்டிருந்தார். என் கண் செய்தித்தாளுக்குப் போனது. நட்டுகள், வாஷர்கள், நீளமான போல்ட்டு ஒன்று, எல்லாம் எண்ணோடு இருந்தன. பழைய வளையம் மட்டும் இல்லை.

சொல்லியிருக்கலாம். அவர் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை. ஆனால் இத்தனை வண்டி பார்த்தவருக்குத் தெரியாததா, இந்த மாதிரி வண்டிக்குப் பழைய வளையமே கிடையாதோ, தும்மலுக்கு ஆஸ்பத்திரி போனவள் இதையும் ஆரம்பிக்கிறாள் என்று நினைப்பாரோ என்று மூன்று காரணங்களை வரிசையாகக் கண்டுபிடித்தேன். அதற்குள் அவர் நட்டுகளை முறுக்கி முடித்துவிட்டார்.

வண்டியைக் கிளப்பினார். சத்தம் குறைவுதான், ஆனால் முன்பக்கம் இன்ஜின் ஓரத்திலிருந்து டப் டப் என்று காற்று அடித்தது. "எங்கியோ கசியுதே" என்று கையை அருகே வைத்துப் பார்த்தார். "புது வளையமுங்க, சூடாயிட்டா உக்காந்துரும்" என்று இன்ஜினை ஓடவிட்டு, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து நட்டுகளை இன்னும் கொஞ்சம் முறுக்கினார். நான் சமையலறைக்கு வந்து நோட்டில் "11.40, வண்டிச் சத்தம்" என்று எழுதினேன். தூக்கம் கெட்டால் காரணம் தெரிய வேண்டுமே. மகள் முதலில் சிணுங்கினாள், பிறகு அடங்கிவிட்டாள். அவர் அங்கிருந்தே, "பாத்தீங்களா நங்கை, பாப்பாவுக்கு வண்டிச் சத்தம் தாலாட்டு மாதிரி" என்றார். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. வெங்காயம் நறுக்க உட்கார்ந்தேன். நெற்றி இரண்டு பக்கமும் கனத்தது. நறுக்கியதையே மறுபடி நறுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன்.

குளிர்காலத்தில் எங்கள் ஊர்ப் பக்கம், அறையைச் சாத்திக் கரி அடுப்பை மூட்டித் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்று செய்தி வரும். அது எல்லோருக்கும் தெரியும். கரி அடுப்பை யாரும் உள்ளே வைக்க மாட்டோம். போதிய காற்றில்லாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும் என்று நானே கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன், அதற்கு மணமில்லை என்பதையும் அடிக்கோடிட்டிருக்கிறேன். பெட்ரோலும் எரிவதுதான் என்று கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நினைத்தேன். அடுத்த நொடியே, புகை வாடைக்குத் தலை வலிக்கிறது, வேறென்ன என்றும் நினைத்தேன். எழுந்து தூளியை விலக்கினேன். மகள் முகம் வெளுத்திருந்தது. கன்னத்தைத் தட்டினேன், காலைக் கிள்ளினேன். கால் அப்படியே தொங்கியது.

அவளை அள்ளிக்கொண்டு பின்வாசல் வழியாக மழைக்குள் ஓடினேன். "வண்டிய நிறுத்து. வெளிய வா" என்று கத்தினேன். அவர் என்னைவிட நான்கு வயது மூத்தவர். அதுவரை அவரை ஒருமையில் அழைத்ததே இல்லை. இன்ஜின் நின்றது. பலகைக் கதவின் தாழைத் தேடித் திறந்தவர், "என்னாச்சுங்க" என்று கேட்டபடியே முழங்கால் மடங்கிச் சாலையோரம் உட்கார்ந்துவிட்டார்.

தோட்டத்து அக்கா கேரட் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார். "பச்சப்புள்ளைய மழையில வெச்சுட்டு நிக்கறயே, படிச்ச புள்ளதானே நீ" என்று திட்டிக்கொண்டே வந்தவர், குழந்தையின் முகத்தைப் பார்த்ததும் திரும்பி ஓடித் தன் கணவரின் பிக்கப் வண்டியை எடுக்கச் சொன்னார். மழைத்துளி முகத்தில் விழ விழ மகள் ஒரு முறை கண் திறந்தாள். அழவில்லை. குன்னூர் போகும் வழியில் அருவங்காடு தாண்டும்போதுதான் அழுதாள். அழுகையைக் கேட்டு நானும் கொழுந்தனாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் அழுதோம்.

ஆஸ்பத்திரியில் மகளுக்கும் கொழுந்தனாருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். டாக்டர் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். வண்டி எவ்வளவு நேரம் ஓடியது என்று கேட்டார். "பத்து நிமிசம் இருக்குமுங்க" என்றார் கொழுந்தனார் முகமூடிக்குள்ளிருந்து. "இருபத்திரண்டு நிமிடம்" என்றேன் நான். பின்வாசலைத் தாண்டும்போது சமையலறைக் கடிகாரம் பன்னிரண்டு இரண்டைக் காட்டியது. அதை ஏன் பார்த்தேன் என்று தெரியாது, பார்க்கிற வழக்கம். டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு இருபத்திரண்டு என்று எழுதினார். மறுநாள் காலை மகளை நன்றாகச் சோதித்து, பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவைத்தார்.

அடுத்த ஞாயிறு அவர் வண்டியைச் சாலையோரத்துக்குத் தள்ளிப்போய், திறந்தவெளியில் பெண்ட் பைப்பை மறுபடி கழற்றினார். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியபோது புது வளையம் வந்தது. இன்னும் உள்ளே நெம்பியபோது, கரிபிடித்து இன்ஜினோடு இன்ஜினாக ஒட்டியிருந்த பழையதும் வந்தது. இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக் கொண்டுவந்து காட்டினார்.

"ஏனுங்க நங்கை, இது உங்களுக்கு அன்னிக்கே தெரியுமுங்களா?"

"செய்தித்தாள்ல இல்லைன்னு பாத்தேன்."

"அப்புறம் ஏனுங்க சொல்லல?"

"உங்களுக்குத் தெரியாததான்னு நினைச்சேன் தம்பி."

அவர் திரும்பிப் போய் ஒற்றை வளையத்தோடு குழாயை மாட்டினார். கசிவு நின்றது. அந்த மாதம் என் கணவர் வந்தபோது, கதவைச் சாத்தியது யார், குழந்தையைப் பார்க்க வேண்டியது யார் என்று பேச்சு வரும், என்ன சொல்வது என்று நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அவசியமே வரவில்லை. கொழுந்தனார் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று தன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னார். கதவைத் தாழ் போட்டது, கசிந்தும் ஓடவிட்டது, பத்து நிமிடம் என்று சொன்னது, ஒன்றையும் விடவில்லை. கடைசியில், "வளையம் இல்லைன்னு நங்கை பாத்திருக்காங்க. சொல்லத் தோணாத மாதிரி நான் வேலை பாத்திருக்கேன். அது என் தப்பு" என்றார். என் கணவர் என்னிடம் அந்த நோட்டைக் கேட்டு வாங்கி, 11.40 என்ற அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

தவறு செய்த பிறகு மனிதர்கள் மிகவும் பணிந்துபோவதைப் பார்த்திருக்கிறேன், அது நாலு நாளில் தீர்ந்துவிடும். இவர் பணிந்துபோகவில்லை. முன்பு போலவே கேலி பேசினார், முன்பு போலவே பம்ப்பையும் மிக்சியையும் பிரித்தார். ஒன்று மட்டும் மாறியது. மூடுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டு, "உங்களுக்கு என்னங்க தோணுது?" என்பார். முதலில் அது எனக்குப் பரீட்சை போல இருந்தது. ஒன்றும் தோணவில்லை என்பேன். "ஒண்ணும் தோணாத ஆளா நீங்க" என்று காத்திருப்பார். மெல்ல மெல்லச் சொல்லப் பழகினேன். பாதிக்கு மேல் தவறாகத்தான் இருக்கும். அவர் அதைக் கேட்டு, பார்த்து, "இது சரியாத்தான் இருக்குதுங்க" என்று மூடுவார், அவ்வளவுதான். நான் இன்றும் கவலைப்படுகிறவள்தான், பால் சூட்டை இன்றும் இரண்டு முறை பார்ப்பேன். ஆனால் மனதில் பட்டதை வாய்க்குள் வைத்திருப்பதில்லை.

மகள் இப்போது ஒன்றாம் வகுப்பு. கொழுந்தனார் வேலை மாறி ஓசூருக்குப் போய், அங்கேயே கல்யாணமும் ஆகி, இப்போது மூன்று மாதக் கைக்குழந்தையாக ஒரு பையன் இருக்கிறான். போன வாரம் காலை பத்து மணிக்கு அவரிடமிருந்து போன் வந்தது. வேலை நேரத்தில் அவர் பேசுவதில்லை.

"நங்கை, பையனுக்கு நேத்துக் காய்ச்சல். மருந்து குடுத்து எறங்கிருச்சு. டாக்டரும் பரவால்லைன்னுட்டாரு. ஆனா பால் குடிக்கறப்ப என்னமோ ஒரு மாதிரி இருக்கறான். நான் வீணாப் பயப்படறேன்னு இவ சொல்றா. உங்களுக்கு என்னங்க தோணுது?"

அவருடைய குரலில் தயக்கத்தை நான் அதுவரை கேட்டதில்லை. எத்தனை மணிக்குக் குடித்தான், எவ்வளவு குடித்தான் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

"எனக்குத் தோணறது இருக்கட்டும் தம்பி. உங்களுக்குத் தோணுதில்ல. கிளம்புங்க."

"ஒண்ணுமில்லைன்னு மறுபடி திருப்பி அனுப்பிட்டா?"

"அனுப்பட்டும். வீட்டுக்குத் திரும்பிப் போய் நிம்மதியாச் சாப்பிடுங்க."

பிறகு, போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, குழந்தையைப் போர்த்தி எடுத்துக்கொள்ளும்படி தன் மனைவியிடம் அவர் சொல்வது கேட்டது.