பெரியம்மா கையில் இருந்த வேட்டைக்கத்தி

என் அம்மாவின் அக்கா கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருத்துவச்சியாக இருந்தவர். சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். கோயமுத்தூரில் பிரசவம் பார்க்கப் படித்துவிட்டுத் தன்னந்தனியாக மலையேறி வந்து, வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். அவர் காலமான பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். மடிப்புக் கலையாத வெள்ளைப் புடவைகள், ஒரு டார்ச், அவற்றுக்கு அடியில் பழைய துண்டில் சுற்றிய கத்தி ஒன்று, தோல் உறையோடு.

“இதுலதான் கொப்பூழ்க்கொடி அறுத்திருப்பாங்களாட்ட இருக்குது,” என்றார் ஓர் உறவினர். யாரும் அதைத் தொடவில்லை. நான் குன்னூரில் குடியிருந்தேன். “மலையில இருக்கறவங்க நீங்களே வெச்சுக்குங்க,” என்று என் கையில் கொடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து இழுத்துப் பார்த்தேன். உறையை விட்டுக் கத்தி அசையவில்லை. உப்புத்தாள் வாங்கி வந்து, எப்படியாவது வெளியே எடுத்துப் பளபளவென்று தேய்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன். என் மனைவிக்கு அது சரியாகப் படவில்லை.

“ஏனுங்க, பக்கத்து ஊட்டுக்காரரு டூல்ரூம்லதான வேலை செய்யறாரு? அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யுங்க.”

அவர் வெடிமருந்துத் தொழிற்சாலையில் கருவிகள் செய்யும் பிரிவில் இருந்தார். என் வயதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை கத்தியைக் கொண்டுபோனேன். என் சட்டைப் பையில் இருந்த உப்புத்தாளைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

“அத மொதல்ல தூரப் போடுங்க. தேய்ச்சீங்கன்னா துருவோட எழுத்தும் போயிரும். அப்புறம் இது யாருன்னே தெரியாது.”

கத்தியை ஆளைப்போல ‘யாரு’ என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. உறையின் வாயில் தையல் மிஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, தலைகீழாகச் சாய்த்து வைத்து, மறுநாள் வரச் சொன்னார். தேங்காய் எண்ணெய் போதாதா என்று கேட்டேன். அது நாளாக நாளாகப் பிசினாகிவிடும் என்றார்.

மறுநாள் சாயங்காலம், முறுக்காமல் நேராக இழுத்தார். கத்தி வந்துவிட்டது. எண்ணெயில் நனைத்த துணியால் துடைத்தார். செந்துரு கட்டியிருந்த இடங்களைப் பழைய செப்புக் காசின் விளிம்பால் மெல்லச் சுரண்டினார். செம்பு இரும்பைக் கீறாதாம். கருநீலமாகப் படிந்திருந்த நிறத்தை அவர் தொடவே இல்லை. “இது துரு இல்லீங்க. வயசு. இருந்துட்டுப் போகட்டும். இதுவே இரும்புக்குக் காவல்தான்.”

பிடியை ஒட்டி எழுத்துகள் தெரிந்தன. பூதக்கண்ணாடி வைத்துப் படித்தோம். செய்தவன் பெயர் பாதி அழிந்திருந்தது. கீழே ‘ஷெஃபீல்டு’ என்ற இங்கிலாந்து ஊர்ப்பெயர் மட்டும் முழுசாக இருந்தது. தடித்த முதுகு, நுனியில் மேல்நோக்கி வளைந்த வெட்டுவாய். வேட்டைக்கத்திதான் என்றார். ஆனால் அவர் அத்துடன் நிறுத்தவில்லை. ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தோல் உரிச்சிருந்தா நுனிப்பக்கம் தேஞ்சிருக்கோணும். நுனி அப்படியே இருக்குது. பிடிக்கிட்டதான் தேஞ்சிருக்குது. கட்டையோ கொம்போ சீவியிருக்காங்க. முதுகைத் தடவிப் பாருங்க.”

தடவினேன். மேடும் பள்ளமுமாக இருந்தது.

“கல்லால அடிச்சிருக்காங்க. கத்திய மரத்துல வெச்சு, மேல போட்டு அடிச்சுப் பொளந்திருக்காங்க. இன்னொண்ணு, பிடி புதுசு. இது நம்ம ஊரு ஈட்டி மரம். பிடிக்கு முன்னால இருக்கற பித்தளைக் காப்புல பாருங்க, பழைய பிடி இருந்த தடம் இன்னும் அகலமா இருக்குது. யாரோ சின்னக் கைக்குன்னு அளவெடுத்துச் செஞ்சிருக்காங்க.”

என் கைக்குள் அந்தப் பிடி அடங்கி மறைந்துபோயிற்று. பெரியம்மாவின் கைகள் எனக்கு நினைவுக்கு வந்தன. நகம் ஒட்ட வெட்டிய, சிறிய கைகள். பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தால் இரண்டு நாளில் கிளம்பிவிடுவார். வேலையைப் பற்றிக் கேட்டால், “அதென்ன, கொழந்தை பொறக்குது, நான் பக்கத்துல இருக்கறேன்,” என்பார். அதற்குமேல் நாங்களும் கேட்டதில்லை. கேட்காமல் விட்டது அன்று உறைத்தது.

அடுத்த விடுமுறை நாளில் அந்த எஸ்டேட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் எல்லாரும் புதியவர்கள். லயம் என்கிற தொழிலாளர் குடியிருப்பில் ஓர் அம்மாளைக் காட்டினார்கள். இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து, இங்கே கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். துண்டை விலக்கிக் கத்தியைக் காட்டியதும், “எங்க மிஸ்ஸியம்மா கத்தி!” என்று எழுந்துவிட்டார். நர்ஸை அவர் இலங்கையில் அப்படித்தான் அழைத்துப் பழகியிருந்தார்.

பெரியம்மாவின் வேலையைப் பற்றி நான் கேள்விப்பட்ட முதல் கதை அவர் சொன்னதுதான். எஸ்டேட்டின் கடைசி வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கிளம்பும்போது வீட்டுச் சாமான்களைக் கொடுத்தாராம். ஆளாளுக்கு நாற்காலியும் மேசையும் கேட்டார்கள். பெரியம்மா இந்தக் கத்தியைக் கேட்டிருக்கிறார்.

“‘நீ வேட்டைக்கா போகப் போற?’ன்னு தொரை சிரிச்சாராம். ‘லயத்துக்குப் போற வழியில முள்ளு வெட்டணும், தொரை’ன்னு சொல்லிட்டு, நேரா ஆசாரிகிட்டப் போயி பிடிய மாத்திக்கிட்டாங்க.”

பிறகு அவர் தன் கதைக்கு வந்தார். ஒரு மழைக்காலத்தில் அவருக்கு முதல் பிரசவம். வலி எடுத்து இரண்டாம் நாள்; குழந்தை குறுக்கே கிடந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மண் சரிந்து ரோடே இல்லை.

“மிஸ்ஸியம்மா வெளிய போனாங்க. டொக்கு டொக்குன்னு சத்தம் கேட்டுச்சு. இளசா ரெண்டு சில்வர் ஓக் மரத்தைக் கத்திய வெச்சு, கல்லால அடிச்சே சாச்சுட்டாங்க. கிளையெல்லாம் சீவி, கம்பளியக் கட்டி, என்னையப் படுக்க வெச்சாங்க. ஆம்பளைங்க நாலு பேரு தூக்குனாங்க. அவங்க முன்னால உண்ணிச்செடிய வெட்டிக்கிட்டே போனாங்க, தம்பி. கையெல்லாம் ரத்தம். திரும்பித் திரும்பி ‘முக்காத, மூச்ச இழுத்து விடு’ன்னு என்னையத் திட்டிக்கிட்டே போனாங்க.”

சாயங்காலம் லாரி கிடைக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஆபரேஷன் நடந்தது. ஆண் குழந்தை. மறுநாள் காலை பெரியம்மா கையில் கட்டோடு வழக்கம்போல வேலைக்கு வந்திருக்கிறார்.

இதில்தான் கொடி அறுப்பார்களா என்று தயங்கிக் கேட்டேன். அந்த அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. “சேச்சே! யாரு சொன்னா? அதுக்குன்னு கத்தரி இருந்துச்சு. கொதிக்க வெச்சுத்தான் எடுப்பாங்க. அவங்கள என்னன்னு நெனச்சீங்க?”

கத்தி இப்போது எங்கள் பீரோவில் இருக்கிறது. உறை தனியாக, கத்தி தனியாக. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்று டூல்ரூம்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். முதல் வருஷம் நான் அசட்டையாக இருந்து, ஜூன் மழையில் ஒரு மிளகு அளவுக்குத் துரு பூத்துவிட்டது. அதிலிருந்து மாதம் ஒருமுறை துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி வைக்கிறேன். விரல் ரேகை படிந்தாலும் துரு பிடிக்கும் என்பதால் கடைசியாகத் துணியால்தான் பிடிப்பேன். பிடிக்கு மட்டும் கொஞ்சம் தேன்மெழுகு.

போன வருஷம் அந்த அம்மாளின் மகன், அந்த மழையில் பிறந்தவர், எங்கள் வீடு தேடி வந்தார். எஸ்டேட் லாரி ஓட்டுகிறார், நரைக்கத் தொடங்கிய மீசை. காப்பியைக் குடிக்காமல் ஆறவிட்டு, கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

“இன்னிக்கு எண்ணெய் நான் போடட்டுங்களா?”

எண்ணெயையும் துணியையும் அவரிடம் நகர்த்தினேன். தேவைக்கு மேலேயே ஊற்றிவிட்டார். மேசையெல்லாம் வழிந்தது. அவர் போன பிறகு என் மனைவியும் நானும் மிச்சத்தைத் துடைத்து எடுத்தோம்.