ஈஸ்வரிக்குச் சேர்ந்த கார்

எங்கள் தெரு ஈஸ்வரி அக்காவுக்குக் கார் சேராது. சிலருக்குக் கத்திரிக்காய் சேராது, சிலருக்கு இறால் சேராது இல்லையா, அந்த மாதிரி. கதவைச் சாத்தி வண்டி தெருமுனை திரும்பினால் போதும், அக்காவுக்கு வாயில் எச்சில் ஊறும், முகம் வெளுக்கும், ஓரம் கட்டச் சொல்லிக் கை காட்டுவார். ரயிலில் ஒன்றும் ஆகாது. தினமும் வேப்பம்பட்டிலிருந்து காக்களூர் எஸ்டேட்டுக்கு ஸ்கூட்டியில் போய் வருகிறார், அதிலும் ஒன்றும் ஆகாது. அங்கே பிளாஸ்டிக் டப்பா செய்கிற கம்பெனியில் பேக்கிங் பிரிவு அவர் பொறுப்பு. அவர் போடுகிற அதட்டலுக்கு மேனேஜரே தள்ளி நிற்பார். அப்பேர்ப்பட்டவரைக் காரும் வேனும் மட்டும் குழந்தையாக்கிவிடும்.

கல்யாணத்தன்றே இது தெரிந்துபோனது. தாலி கட்டி முடித்து வாடகை அம்பாசிடரில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் வழியில், பட்டுப்புடவையும் மாலையுமாக இருந்த பெண்ணுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை சந்திரமோகன், யோசிக்கக்கூட இல்லை, தோளில் கிடந்த புதுத் துண்டை இரண்டு கையாலும் ஏந்திவிட்டார். "பரவால்ல, துண்டுதானே" என்றாராம். "அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவங்கம்மாவ அத்தன வருஷம் பொறுத்துக்கினேன்" என்று அக்கா இன்றைக்கும் சொல்லுவார்.

சந்திரமோகன் அண்ணனுக்கு அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் வேலை. நிலக்கரி கொண்டுபோகிற பெல்ட்டுகளைப் பழுது பார்க்கிற ஃபிட்டர். எத்தனை சோப்பு போட்டாலும் காது மடலில் கரி கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்.

ஒரே மகள் நர்மதாவைக் கும்மிடிப்பூண்டியில் கொடுத்தார்கள். கல்யாணம் மாப்பிள்ளை ஊரில். உறவெல்லாம் வேனில் கிளம்ப, பெண்ணைப் பெற்றவர் மட்டும் பட்டுப்புடவையோடு ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி வண்டி மாறி, மண்டபத்துக்குத் தனியாகப் போய்ச் சேர்ந்தார். வாசலில் சம்பந்தி வீட்டுக்காரர் ஒருவர், "நீங்க யாரு சைடுமா?" என்று கேட்டுவிட்டார். அக்கா அதைச் சிரித்தபடிதான் எங்களிடம் சொன்னார். ஆனால் சொல்லும்போது கண் வேறெங்கோ இருந்தது.

நர்மதா உண்டானதும் அண்ணன் ஒரு முடிவுக்கு வந்தார். சீமந்தம் முடிந்து மகளைச் சொந்தக் காரில் பிறந்த வீட்டுக்குக் கூட்டி வரவேண்டும். சின்னக் கார் போதும். பெட்ரோலா, பேட்டரியா என்பதுதான் கேள்வி.

"பெட்ரோல்தான்" என்றார் அண்ணன். "கரண்டு எப்ப போவும், எப்ப வரும்னு கரண்டு ஆபீஸ்காரனுக்கே தெரியாது. மழ பேஞ்சா நம்ம தெருவுல ரெண்டு நாளு இருட்டு. அப்ப வண்டிய இன்னா பண்ணுவ, தள்ளிக்கினு போவியா?"

"எனக்கு அந்தப் பெட்ரோல் வாசனதான் ஒத்துக்கல. பேட்டரின்னா ஒருவேள சேருமோ இன்னாவோ" என்றார் அக்கா.

திருவள்ளூர் ஷோரூமிலிருந்து பரத் என்கிற பையன் முதலில் பெட்ரோல் காரைக் கொண்டுவந்தான். அண்ணன் ஓட்ட, அக்கா பக்கத்தில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடி உட்கார்ந்தார். செவ்வாப்பேட்டை வருவதற்குள் கை காட்டிவிட்டார். அடுத்த ஞாயிறு பேட்டரி கார் வந்தது. வாசனை இல்லை, சத்தம் இல்லை. அக்கா எலுமிச்சம்பழத்தைக்கூட மடியில் வைத்துவிட்டார். செவ்வாப்பேட்டை தாண்டியது. அண்ணனுக்கு ஒரே குஷி. ஆனால் அந்த வண்டியில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே பிரேக் பிடித்த மாதிரி பின்னால் இழுக்கிறது. அண்ணனுக்கு அது பழக்கமில்லாததால் காலை வைப்பதும் எடுப்பதுமாக ஓட்டினார். வண்டி ஊஞ்சல் மாதிரி ஆடியது. காக்களூருக்குக் கொஞ்சம் முன்னால் அக்கா கதவைத் திறந்துகொண்டு ஓடினார். முதல் காரைவிட இது மோசம்.

ரோட்டோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்து வாய் கொப்பளித்தார். பரத் ஓடிப்போய்ச் சோடா வாங்கி வந்தான். "இழுக்கறத கொறச்சி வெச்சிக்கலாம்கா, அதுக்கு செட்டிங் இருக்குது" என்றான். அக்கா காதில் அது விழவில்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் தெம்பாக உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்த புருஷனையே பார்த்தார்.

"ஏங்க, உங்களுக்கு ஏன் வாந்தி வரல?"

"எனக்கு எதுக்கு வரும்? நான் ஓட்டறேன்ல."

"ஓட்டறவங்களுக்கு வராதா?"

பரத் சொன்னான்: "பெரும்பாலும் வராதுக்கா. எங்க திரும்பும், எப்ப நிக்கும்னு அவங்களுக்கு முன்னாடியே தெரியும்ல."

அக்கா எழுந்தார். முந்தானையை இடுப்பில் சொருகினார். "அப்ப நான் ஓட்டறேன்."

அண்ணன் சிரித்தார். கையில் இருந்த கடலை சிதறுகிற அளவுக்குச் சிரித்தார். அக்கா சிரிக்காததைப் பார்த்துவிட்டு மெதுவாக நிறுத்திக்கொண்டார்.

மறுநாளே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாயிற்று. கற்றுக்கொடுத்தவர் அந்தோணி. பழைய பெட்ரோல் கார், கிளட்ச் கல் மாதிரி. முதல் நாள் மார்க்கெட் நடுவில் வண்டி நின்றுபோனது, பின்னால் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் விடாமல் ஆரன் அடித்தன. வீட்டுக்கு வந்து அடுப்படியில் கொஞ்ச நேரம் அழுதார். அண்ணன் எட்டிப் பார்த்து, "உட்டுடு ஈஸு, டிரெயின் இருக்குதுல்ல" என்றார், ஆறுதலாகத்தான். அக்காவுக்கு ரோஷம் வர அது போதுமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தோணிக்குப் போன் போட்டார். "தம்பி, நாளைக்கும் அதே மார்க்கெட்டுக்கே போலாம்."

ஓட்டும்போது ஒரு தடவைகூடக் குமட்டவில்லை. அதை முதலில் கவனித்ததே அந்தோணிதான். "அக்கா, எலுமிச்சம்பழத்த ஊட்லயே வெச்சிட்டு வாங்க. ஸ்டியரிங்க ஒரு கையால புடிக்கறீங்க."

லைசென்ஸ் டெஸ்டில் முதல் தடவை ரிவர்ஸில் கம்பத்தை இடித்தார். இரண்டாம் தடவை தேறினார். பரத் திரும்பவும் இரண்டு கார்களையும் கொண்டுவந்தான். இந்தத் தடவை ஓட்டியது அக்கா, பக்கத்தில் அண்ணன். பெட்ரோல் காரை நன்றாகவே ஓட்டினார். பேட்டரி காரில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் அவர் முகமே மாறியது. "இது நம்ம ஸ்கூட்டி மாதிரியே இருக்குதுங்க. அமுக்குனா போவுது, காலத் தூக்குனா அதுவே அடங்குது." முன்பு குடலைப் புரட்டிய அதே இழுப்பு, இப்போது அவர் சொன்னபடி கேட்டது.

அண்ணன் அப்போதும் பெட்ரோல் பக்கமே நின்றார். பேச்சு வீட்டில் நாள் கணக்கில் ஓடியது. ஒருநாள் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து காலையில் வந்தவருக்கு அக்கா வெந்நீர் விளாவிக்கொண்டிருந்தார். துண்டின் நுனியை நனைத்து அவர் காது மடலைத் துடைத்துவிட்டார்.

"இத்தன வருஷமா இந்தக் கரியத் துன்னு எடுக்கறீங்களே அந்தக் கரண்டு, அது எங்க போவுது?"

"எங்க போவுதுன்னு எவனுக்குத் தெரியும்? எல்லாம் ஒண்ணாக் கலந்து ஊரு பூரா போவுது."

"போறதுல கொஞ்சம் நம்ம ஊட்டு வண்டிக்கும் வரட்டுமே. நீங்க எடுத்ததுல நான் ஓட்டிக்கினு போறேன்."

குளித்துவிட்டு வந்த அண்ணன் நாஷ்டாகூடச் சாப்பிடாமல், சார்ஜ் போடத் தனி லைன் இழுக்க எந்தச் சுவர் வசதி என்று வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எர்த் கம்பியைத் தன் கையாலேயே பதித்தார். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துச் சரி என்ற பிறகும் அவருக்குத் திருப்தி இல்லை.

பேட்டரி காரே வீட்டுக்கு வந்தது. மகளுக்கு மட்டும் எதையும் சொல்லவில்லை. சீமந்தத்தன்று விடிந்ததும் புறப்பட்டார்கள். திருநின்றவூர் வந்து, தாமரைப்பாக்கம், பெரியபாளையம் வழி. பெரியபாளையத்தை அடுத்த ஆரணியைத் தாண்டியதும் ரோட்டில் பாதிக்கு நெல் காயவைத்திருந்தார்கள். எதிரே கம்பி ஏற்றிய லாரி வந்தது. அக்கா ஒதுங்கி நின்று வழிவிட்டார். அண்ணன் வலது காலால் தரையை ஓங்கி மிதித்தபடி இருந்தார்.

"உங்க பக்கம் பிரேக் இல்லீங்க. சும்மா குந்துங்க."

நடுவில் நர்மதா போனில் வந்தாள். "அம்மா, பேசின் பிரிட்ஜுல வண்டி மாறிட்டியா?" ஸ்பீக்கரில் போட்டு அண்ணன் போனை நீட்ட, "வந்துக்கினே இருக்கேன்டி" என்று மட்டும் சொன்னார் அக்கா.

கும்மிடிப்பூண்டியில் அந்த வீட்டு வாசலில் கார் நின்றதும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நர்மதா படியிறங்கி வந்தாள். இடது பக்கத்தில் அப்பாவைப் பார்த்தாள். "நைனா, கார் வாங்கிட்டியா! அம்மா டிரெயின்ல வருதா?"

அண்ணன் கட்டை விரலால் வலது பக்கம் காட்டினார். கண்ணாடி இறங்கியது. பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அம்மா. நர்மதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், உடனே அழுதாள். சம்பந்தி வீட்டார் எல்லாரும் வெளியே வந்து நின்றார்கள். யாரும் அக்காவை யாரு சைடு என்று கேட்கவில்லை. அவர் வண்டியை எங்கே நிறுத்தவேண்டும் என்று நாலு பேர் கைகாட்டினார்கள். அவர் தானே ஓர் இடம் பார்த்து, ரிவர்ஸ் எடுத்து, ஒழுங்காக நிறுத்தினார்.

பெண் குழந்தை பிறந்தது, திருவள்ளூரில். ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வரும்போது நாங்கள் தெருவில் ஆரத்தித் தட்டோடு காத்திருந்தோம். அக்கா அவ்வளவு மெதுவாக வந்தார், பின்னால் ஷேர் ஆட்டோக்காரர்கள் ஆரன் அடித்துக்கொண்டே வந்தார்கள். பின் சீட்டில் மகளுக்குப் பக்கத்தில் அண்ணன், மடியில் பேத்தி. ஆரன் சத்தத்துக்குக் குழந்தை முழிக்குமோ என்று இரண்டு கையாலும் அதன் காதைப் பொத்தியிருந்தார்.

"மொள்ளவே போ ஈஸு" என்றார். "அவனுங்க கெடக்கறானுங்க."