ஜாம் போத்தலில் அப்பாவின் கொழுப்பு

அப்பாவைக் காப்பாற்றும் வழி எனக்குப் பிடிபட்டது ஒரு சனிக்கிழமை மத்தியானம், குசினியில், ஏர் பிரையரின் அடித்தட்டைக் கழுவ எடுத்தபோது. தட்டில் இரண்டு கரண்டி கொழுப்பு மினுங்கிக்கொண்டு கிடந்தது. சற்று முன்பு வரை மாட்டிறைச்சிக்குள் இருந்த கொழுப்பு. இனி அது அப்பாவுக்குள் போகாது! பத்து வயதில் இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு யாருக்கு வாய்க்கும்?

அதற்கு முந்தின கிழமைதான் முருங்கன் ஆஸ்பத்திரியில் அப்பாவின் இரத்தத்தைப் பார்த்துவிட்டு, கொழுப்புக் கூடிப்போச்சு, இறைச்சியைக் குறையுங்கோ என்று பெண் டொக்டர் சொல்லியிருந்தார். மூன்று மாதத்தில் திரும்பப் பார்ப்பாராம். குறையாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாராம். என் சிநேகிதியின் அப்பப்பா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனவர்தான், திரும்பி வரவில்லை. நான் கோழிக்கூட்டுக்குப் பின்னால் நின்று அழுதேன். அப்பாவும் அழாத குறைதான், ஆனால் அவருடைய கவலை வேறு. நாள் முழுக்கக் கடலில் மீனோடு மாரடிக்கிற மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமையாவது மாட்டிறைச்சிக் கறி வேண்டும். மரக்கறி அவருக்குச் சரிவராது. அதிலும் கத்தரிக்காயைக் கண்டால் தட்டையே தள்ளிவிடுவார்.

ஏர் பிரையர், எண்ணெயில்லாமல் சூட்டுக் காற்றில் பொரிக்கிற மெஷின், கனடா மாமி அனுப்பியது. வந்த நாளிலிருந்து லேஸ் துணி போர்த்திக்கொண்டு அலுமாரிக்கு மேல் மாதா சொரூபம் மாதிரி இருந்தது. மாமி வீடியோவில் கூப்பிட்டு, "மெஷின் வேலை செய்யுதோ?" என்று கேட்டதால்தான் அம்மா அன்றைக்கு அதை இறக்கி, பிள்ளைகளுக்கென்று கொஞ்சம் இறைச்சி வாட்டினார்.

நான் தட்டைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் ஓடினேன்.

"அப்பா, இறைச்சியில இருக்கிற கொழுப்புத்தானே கூடாது? கொழுப்பு இந்தா, வெளியில நிக்குது!"

அப்பா தட்டை வாங்கி வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தார். அவர் முகத்தில் உயிர் வந்தது.

"கேட்டீரோ? படிக்கிற பிள்ளை சொல்லுது," என்றார் அம்மாவைப் பார்த்து.

"பிள்ளை படிக்கிறது அஞ்சாம் ஆண்டு," என்றார் அம்மா.

ஆனாலும் வடிந்ததைத் தானும் எட்டிப் பார்த்தார். பொரித்த எண்ணெயைக்கூடக் கொட்ட மனம் வராத மனிசி அவர். கிழமையில் ஒரு நாள் பார்ப்போம் என்று தொடங்கியது, என் விஞ்ஞானத்தின் பலத்தில் மூன்று நாள் ஆனது. கொழுப்புக் கூடுவதற்கு முன்புகூட அப்பா இத்தனை இறைச்சி சாப்பிட்டதில்லை.

வடிந்த கொழுப்பை நான் ஒரு ஜாம் போத்தலில் ஊற்றி குசினி யன்னலில் வைத்தேன். டொக்டருக்குச் சாட்சி வேண்டுமே! ஒரு கொப்பியில் திகதி போட்டு, போத்தலில் எத்தனை விரல் உயரம் நிற்கிறது என்றும் எழுதினேன். அங்கேதான் ஒரு மர்மம். இறைச்சி வாட்டுகிற நாளெல்லாம் ஏறுகிற கொழுப்பு, வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஒரு விரல் இறங்கியது.

யோசித்து யோசித்துக் கண்டுபிடித்தேன்: யன்னலில் வெயில் படுகிறது, கொழுப்பு காய்கிறது. போத்தலில் காய்வது மனிதருக்குள்ளும் காயாதா? அன்றிலிருந்து அப்பா கடலால் வந்ததும் அவரை முற்றத்தில் வெயிலில் நிற்க வைத்தேன்.

"விடியத் துவங்கி வெயிலுக்குள்ளதானே பிள்ளை நிண்டுட்டு வாறன்."

"அது கடல் வெயில், அப்பா. இன்னும் பத்து நிமிசம் நில்லுங்கோ."

நின்றார். பக்கத்து வீட்டார் பார்த்துச் சிரித்தார்கள்.

அது தவக்காலம், ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்கள். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் இறைச்சிப் பேச்சே இல்லை. சோறும் பருப்பும் கீரையும்தான். முன்பெல்லாம் முகத்தைச் சுளித்துச் சாப்பிடும் அப்பா, அந்த முறை பருப்பை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார். ஒறுத்தல் அவருக்குப் பழகிவிட்டது என்று அம்மாவுக்கு உள்ளுக்குள் பெருமை.

மூன்று மாதம் முடிந்து நாங்கள் மூவரும் டொக்டருக்கு முன்னால் இருந்தோம். அவர் தாளைப் பார்த்தார்.

"கூடியெல்லோ இருக்கு, ஐயா."

நான் போத்தலைத் தூக்கி மேசையில் வைத்தேன். "இது அப்பாவுக்குள்ள போகாத கொழுப்பு, டொக்டர்." கொப்பியையும் நீட்டினேன்.

அவர் சிரிக்காமல் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "வடிவா எழுதியிருக்கிறீங்கள். வெள்ளிக்கிழமையில ஏன் குறையுது?"

"வெயிலுக்குக் காயுது."

"கொழுப்பு அப்பிடிக் காயாதே, பிள்ளை."

அம்மா மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்தார்.

"பருப்புக்குத் தாளிச்சனான்," என்றார் மெல்ல. "சும்மா வீணாப் போகுதெண்டு..."

"அதுதானே பார்த்தன், பருப்புக்கு அந்த ருசி!" என்று அப்பா தொடையில் தட்டினார்.

மெஷினால் வடிவது கொஞ்சம்தான், மிச்சம் இறைச்சிக்குள்ளேயே இருக்கும், கிழமையில் மூன்று நாள் சாப்பிட்டால் எந்த மெஷினும் காப்பாற்றாது என்று டொக்டர் விளக்கினார். கொழுப்புக் குறையக் குளிசை எழுதினார். இன்னும் மூன்று மாதம் தவணை தந்தார். அதன் பிறகு பெரிய ஆஸ்பத்திரிதான். அம்மாவின் காதில் இது ஒன்றும் விழவில்லை. அவர் நெஞ்சில் கை வைத்திருந்தார்.

"ஐயோ, தவக்கால வெள்ளி முழுக்க மாட்டுக் கொழுப்பு!"

இதற்கு எந்தக் குளிசை எழுதுவது என்று டொக்டருக்குத் தெரியவில்லை.

பஸ்ஸில் அம்மா செபமாலையை எடுத்துவிட்டார். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது என்பதே அவருடைய யோசனை. நான் யன்னல் பக்கம் திரும்பி, போத்தலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அப்பாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்போவது நான்தான்.

பஸ் மன்னார்ப் பாலத்தில் ஏறியபோது அப்பா குனிந்து என் காதுக்குள் கேட்டார்:

"மகள், அந்த மெஷினுக்குள்ள கத்தரிக்காயை முழுசா வச்சா என்ன வடியும்?"

நான் மூக்கைத் துடைத்தேன். நல்ல கேள்வி. எனக்கே தோன்றாத கேள்வி. கத்தரிக்காயைக் கண்டால் தட்டைத் தள்ளுகிற மனிதர் ஏன் அதைக் கேட்டார் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. பாலம் முடிவதற்குள் கொப்பியில் புதுப் பக்கம் திருப்பி எழுதினேன்: கத்தரிக்காய், முதலாம் நாள்.