அம்மா வைத்த வளையல் பரீட்சை

இன்று கண் டாக்டரிடம் மகனைக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஐடிஐ முடித்துவிட்டான். எலக்ட்ரீஷியன் வேலையும் கிடைத்துவிட்டது. மெடிக்கல் சர்டிபிகேட் மட்டும்தான் பாக்கி. (நான் போகிற வழியிலேயே ஜாங்கிரி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்!)

டாக்டர் மலையாளி. ஒரு புத்தகத்தைத் திறந்தார். பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள்.

"இதில் என்ன நம்பர் காணுது மோனே?"

"நம்பரா? எங்க சார்?"

எனக்குப் பளிச்சென்று தெரிகிறது. விளையாடுகிறான் என்றுதான் நினைத்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும்தான் விளையாட்டில்லை என்று புரிந்தது.

சிவப்பையும் பச்சையையும் அவனால் பிரித்துப் பார்க்க முடியாதாம். பிறவியிலேயே அப்படித்தானாம். வயர் பிடிக்கிற வேலைக்குக் கையெழுத்துப் போட முடியாது என்றுவிட்டார்.

"இது அம்ம வழிக்கு வர்றது, கேட்டோ."

சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குக் குற்றப்பத்திரிகை வாசித்தது போல இருந்தது. கல்லூரியில் விலங்கியல் படித்தவள் நான். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள். என் வீட்டுக்குள்ளேயே இருக்கும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

பஸ்ஸில் மெதுவாகக் கேட்டேன். "ஐடிஐல எப்படிடா சமாளிச்ச?"

"பக்கத்துல இருக்கவன் வயர எடுத்துக் குடுப்பான். நான் மாட்டுவேன். அவனுக்கு முறுக்க வராது, எனக்கு எடுக்க வராது."

வீட்டில் அப்பாவும் அம்மாவும் காத்திருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன்.

அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப உங்களுக்கு இருந்ததும் இதுதானா?"

அப்பா தரையைப் பார்த்தார்.

என்னது?!

அப்புறம்தான் கதை வந்தது. இத்தனை வருஷத்தில் இன்றுதான் முதல்முறையாகக் கேட்கிறேன்.

எழுபதுகள். சக்குபள்ளம் பக்கம் ஒரு எஸ்டேட். தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களுக்கு அப்போதுதான் கரண்ட் வந்துகொண்டிருந்தது. அப்பா வயர்மேன் மேஸ்திரியிடம் கையாள். கருங்கல் சுவரில் உளியால் குழி பறித்து, மரக்கட்டை இறக்கி, அதன்மேல் தேக்குச் சட்டம் அடித்து வயர் ஓட்ட வேண்டும். நாள் முழுக்க ஏணியில் நின்றபடி, கை தலைக்கு மேலே. சாயங்காலம் சோற்றுக் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகவே தோள் வராதாம். ஆனாலும் அவருக்கு அந்த வேலை உயிர். வயரைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது மட்டும் மேஸ்திரி. திங்கட்கிழமை முதல் ஒரு லயத்தை அப்பாவே தனியாகச் செய்வதாக ஏற்பாடு.

அதற்கு முந்தைய ஞாயிறு, காப்பிப்பழம் பறிக்க ஆள் போதாமல் அப்பாவையும் மலைக்கு அழைத்தார்கள். அம்மா அங்கேதான் பறித்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான்.

கங்காணி அப்பாவின் சாக்கைக் கொட்டிப் பார்த்தார். பாதிக்குப் பாதி பச்சைக்காய்!

"ஏ மாப்ளே! பழம் பறிக்கச் சொன்னா காய உருவிக் கொண்டாந்திருக்க. கண்ணு செடியில இருந்துச்சா, புதுப்பொண்டாட்டி மேல இருந்துச்சா?"

மலையே சிரித்ததாம். அப்பாவும் சிரித்தாராம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் கையிலிருந்த கண்ணாடி வளையல்களைக் கழற்றிப் பாயில் போட்டார். சிவப்பும் பச்சையும் கலந்து.

"செவப்ப மட்டும் எடுத்துக் குடுங்க."

"என்னத்தா வெளாட்டு இது?"

"எடுங்கன்னா எடுங்க."

அப்பா ஒவ்வொன்றாக விளக்கு வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தார். கொடுத்ததில் பச்சையும் இருந்தது.

"ஒங்க வயரு என்ன நெறம்?"

"கரண்டு வர்றது செவப்பு. எர்த்து பச்சை."

அதாவது, ஸ்விட்ச் போர்டின் இரும்புப் பெட்டியில் கரண்ட் கசிந்தால் அதை மண்ணுக்கு இறக்கிவிடுவது பச்சை வயர். இரண்டும் மாறிப்போனால் அந்தப் பெட்டியே கரண்ட். தொட்டவர் பிழைக்க மாட்டார்.

மறுநாள் விடிந்ததும் அம்மா மேஸ்திரி வீட்டு வாசலில் நின்றார். "அண்ணே, அவருக்கு நெறம் பிடிபடலண்ணே. தனியா விட்றாதீங்க."

மேஸ்திரி இரண்டு துண்டு வயரை அப்பாவிடம் நீட்டிச் சிவப்பைக் கேட்டார்; அப்பா பச்சையை எடுத்தார். உடனே அப்பாவின் இடுப்பிலிருந்த பிளையரை உருவிக்கொண்டார். எல்லோர் முன்னாலும்.

"ஒரு மழைக்காலம் முழுக்க எங்கூடப் பேசலடி ஒங்கப்பா," என்றார் அம்மா.

பிறகு அப்பா கட்டட வேலைக்குப் போய்க் கல் சுமந்து, கலவை குழைத்து, கொத்தனார் ஆனார். தூக்குக்குண்டு கட்டிய நூல் நேராக இருக்கிறதா என்று பார்க்க நிறம் வேண்டியதில்லையே! என்னைப் படிக்க வைத்தது அந்தக் கொத்துக் கரண்டிதான்.

கதை முடிந்ததும் அப்பா என்னைப் பார்த்துத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அப்ப... நான் கத்துக்காம விட்ட குத்தம் இல்லையாம்மா? எல்லாரும் எப்படியோ நெறத்தக் கத்துக்கிட்டாங்க, என் மண்டையிலதான் ஏறலன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"இல்லப்பா. பொறவி."

அவர் தோள் கொஞ்சம் இறங்கியது. இத்தனை வருஷமாக அதையும் சுமந்துகொண்டிருந்திருக்கிறார்.

என் மகன் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். "தாத்தா, நாம ரெண்டு பேரும் ஒரே கேஸு."

"நடுவுல ஒங்கம்மாதான் கடத்திவிட்டிருக்கா," என்றார் அப்பா. பஸ்ஸில் உறுத்திக்கொண்டிருந்த அதே விஷயம்தான். அவர் வாயால் கேட்டபோது சிரிப்பு வந்துவிட்டது.

மகன் அடுத்து என்ன செய்வான் என்று இன்னும் தெரியாது. ஆனால் அவன் உயிரோடு எதிரே உட்கார்ந்திருக்கிறான். ஜாங்கிரிப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டேன்!

அம்மாவுக்கு நன்றி. ஒரு லயத்து வீட்டில் இரும்புப் பெட்டியைத் தொட்டும் சாகாமல் பிழைத்த, அது தெரியவே தெரியாத யாரோ ஒருவர் சார்பிலும் நன்றி.

ஜாங்கிரியைக் கடித்தபடியே அப்பா சொன்னார். "என்ன இருந்தாலும் கல்யாணத்தன்னிக்கு அந்தச் செவப்புச் சேலையில ஒங்கம்மா..."

"செவப்பா? அது பச்சைங்க!"

கல்யாணச் சேலை என்ன நிறம் என்று உங்கள் வீட்டிலும் ஒருமுறை கேட்டுப் பாருங்களேன்?